சத்தம் போடாத வழு: உபுண்டு 25.10 வெளியான நாட்களில் பயனர்கள் கண்டதும் காணாததும்

2025 அக்டோபர் 9 அன்று, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 25.10 பதிப்பு வெளியானது. குவெஸ்டிங் குவாக்கா என்று பெயர். ஆசையாக நிறுவிப் பார்த்தவர்களில் செயலிகளை நிறுவ ஃபிளாட்பேக் என்ற முறையைப் பயன்படுத்துகிறவர்கள் உடனே முட்டிக்கொண்டார்கள். எந்தச் செயலியை நிறுவப் போனாலும் பிழைச் செய்தி வந்து நின்றது. கூச்சல் எழுந்தது, திருத்தமும் சீக்கிரமே வந்தது.

அதே வெளியீட்டில் இன்னொரு வழுவும் இருந்தது. அது கணினி தானாகப் புதுப்பிப்புகளைத் தேடுவதையே நிறுத்தி வைத்திருந்தது. அதற்கு முதல் நாள் கூச்சல் எதுவும் இல்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது.

இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, இரண்டாவதுதான். ஆனால் ஒரு புதிய வெளியீட்டைப் பயனர்களின் அனுபவத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் முதலாவதுதான் பெரிதாகத் தெரியும். இந்த முரண் எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒத்திகை வெளியீடு

உபுண்டு ஆண்டுக்கு இரண்டு முறை வரும், ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது எல்டிஎஸ் என்னும் நீண்டகால ஆதரவு வெளியீடு. அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். 25.10க்கு 2026 ஜூலை வரைதான் கணக்கு.

எல்டிஎஸ்ஸில் இருப்பவரிடம் கணினி தானாக வந்து "25.10க்கு மாறுகிறீர்களா" என்று கேட்காது. அமைப்புகளுக்குள் போய் ஒரு தேர்வை மாற்றினால்தான் கேட்கும். ஆகவே இடைக்கால வெளியீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தே வருகிறவர்கள், கொஞ்சம் துணிந்தவர்கள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

25.10க்கு இன்னொரு சிறப்பு, அது 26.04 எல்டிஎஸ்ஸுக்கு முந்தைய கடைசி நிறுத்தம். எல்டிஎஸ்ஸில் எதையெல்லாம் வைக்க உபுண்டுவை உருவாக்கும் கேனானிக்கல் நினைத்ததோ, அதற்கெல்லாம் இதுதான் ஒத்திகை. மேடை ஏறியவையும் கொஞ்சநஞ்சம் இல்லை. மேசைச் சூழலான க்னோம் 49, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் 6.17, கட்டளைகளைத் தட்டப் புதிய டெர்மினல், புகைப்படங்களைப் பார்க்கப் புதிய செயலி, கணினி எழும்போது முதலில் ஏறும் சிறு கோப்பமைப்பைக் கட்ட ட்ராகட், நேரத்தை ஒத்திசைக்க க்ரோனி. இவற்றில் பலதும் ஒரு வாரம் பழகினால் மறந்துபோகிற ரகம்.

மறக்க முடியாதவை மூன்று. சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வு க்னோமில் போய்விட்டது, இனி அதன் இடத்துக்கு வந்த வேலேண்ட் மட்டுமே. நிர்வாக அதிகாரம் கேட்கும் சுடோ கட்டளைக்குப் பதில், அதையே ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய சுடோ-ஆர்எஸ். அப்புறம் கோப்பைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, வரிசைப்படுத்துவது, தேதி சொல்வது போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான க்னூ கோர்யூடில்ஸுக்குப் பதில், யூயூடில்ஸ் திட்டத்தின் ரஸ்ட் வடிவம்.

கடைசி இரண்டுக்கும் விதை 2025 மார்ச்சில் விழுந்தது. உபுண்டுவின் பொறியியல் பொறுப்பில் இருக்கும் ஜான் சீகர் அந்த மாதம் திட்டத்தை வெளியே சொன்னார். சி மொழியில் எழுதிய நிரல்களில் நினைவகத்தைத் தவறாகக் கையாளுவதால் வரும் பாதுகாப்பு ஓட்டைகள் ரொம்பப் பழைய நோய். அந்த வகைத் தவறுகளில் பெரும்பகுதியை ரஸ்ட் மொழி நிரலைத் தொகுக்கும்போதே தடுத்துவிடுகிறது. கணினியின் அடித்தளத்தில் இருக்கும் கருவிகளை அந்த மொழிக்கு மாற்றினால் தாங்கும் திறன் கூடும் என்பது வாதம். நியாயமான வாதம்தான். க்னூ கருவிகள், மாற்றி வெளியிடுபவரும் நிரலைத் திறந்தே வைக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்க, யூயூடில்ஸ் அந்தக் கட்டாயம் இல்லாத எம்ஐடி உரிமத்தில் வருகிறதே என்று ஒரு தரப்புக்கு வருத்தம். அது தனி வழக்கு, இங்கே திறக்கவில்லை.

சத்தம் போட்ட வழு

ஃபிளாட்பேக் உபுண்டுவோடு வருவதில்லை. கேனானிக்கலின் சொந்த முறை ஸ்னாப். உபுண்டுவின் அதிகாரபூர்வக் கிளைப் பதிப்புகளும் 23.04இலிருந்து ஃபிளாட்பேக்கை இயல்பு நிறுவலில் தருவதில்லை. ஆனாலும் அதை விரும்பி நிறுவிக்கொள்கிறவர்கள் நிறைய. நிறுவிய கையோடு செயலி ஒன்றை இறக்கப் பார்த்தால், ஒரு தற்காலிகக் கோப்பமைப்பைக் கழற்ற முடியவில்லை என்ற பொருளில் ஒரு பிழை வந்தது. செயலி ஏறவில்லை.

நடந்தது இதுதான். ஃபிளாட்பேக் இறக்குகிற கோப்புகளை நேரடியாகக் கணினியின் பொது இடத்தில் கொட்டாது. முதலில் தற்காலிகமாக ஒரு கோப்பமைப்பைப் பொருத்தி அதில் இறக்கும். முடிந்ததும் எழுதும் உரிமையைப் பிடுங்கிவிட்டு, பிறகுதான் உள்ளே சேர்க்கும். இப்படிப் பொருத்தவும் கழற்றவும் ஃப்யூஸ்மவுண்ட் என்ற சின்னக் கருவி இருக்கிறது. எந்த நிரல் எதைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஆப்ஆர்மர், அந்தக் கருவிக்கு எழுதப்பட்ட விதியில் அளவுக்கு மீறி இறுகிப்போயிருந்தது. பொருத்துவதும் கழற்றுவதுமே வேலையாக இருக்கும் கருவியிடம் அந்த வேலையைச் செய்யாதே என்றது.

இந்த வழு வெளியீட்டுக்கு முன்பே பதிவாகியிருந்தது. தெரிந்தும் ஏன் வெளியிட்டார்கள் என்ற எரிச்சலில் நியாயம் உண்டு. ஸ்னாப்பை வளர்க்கத்தான் போட்டியாளரின் காலை வாரினார்கள் என்கிற சந்தேகத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இயல்பு நிறுவலில் இல்லாத ஒரு பொருள் சோதனை வரிசையில் பின்னால் போய்விடுவது எந்தப் பெரிய திட்டத்திலும் நடப்பது. சதிக்கு அவசியமே இல்லை, அசட்டை போதும். தளர்த்திய விதி வந்ததும் எல்லாம் ஓடியது.

பயனர் பார்வையில் இது நல்ல வழு. சிரிக்காதீர்கள். பார்த்த நொடியில் தெரிந்தது, செய்தியோடு வந்தது, யார் செய்தாலும் ஒரே மாதிரி நடந்தது. இந்த மூன்றும் இருந்தால் எந்த வழுவும் ரொம்ப நாள் உயிரோடு இருக்காது.

வேலேண்டைப் பற்றிக் கொஞ்சம்

வேலேண்ட் மாற்றத்துக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 அதை இயல்பாக வைத்தது. ஆறு மாதம் கழித்து வந்த 18.04 எல்டிஎஸ் பின்வாங்கி எக்ஸ்11க்கே திரும்பியது. மறுபடி வேலேண்டை இயல்பாக்க 21.04 வரை பொறுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தப்பிக்கும் கதவு இருந்தது. உள்நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தினால் எக்ஸ்11 அமர்வுக்குப் போய்விடலாம். 25.10இல் அந்தக் கதவு இல்லை.

பழைய செயலிகள் எக்ஸ்வேலேண்ட் என்ற இடைத்தளத்தின் மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பலருக்கு மாற்றமே தெரியாது. அடிபட்டவர்கள் வேறு வகை. ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) வைத்து சாளரங்களை நகர்த்துகிறவர், விசைகளைத் தானே அழுத்தவைக்கிறவர், ஒரு செயலி இன்னொன்றின் திரையைப் படிக்கும் கருவியை நம்பியிருக்கிறவர். எக்ஸ்11இல் எந்தச் செயலியும் மற்றதன் விசையழுத்தத்தைக் கேட்கலாம். வேலேண்ட் அதை வேண்டுமென்றே மூடியது. அவர்களுக்கு உடைந்தது போலத் தெரிவது, வடிவமைத்தவர்களுக்கு வேலை செய்கிறது என்பதன் அடையாளம். இரண்டு பேரும் சரி. எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற மேசைச் சூழல்களுக்குப் போனால் எக்ஸ்11 இன்னும் கிடைக்கிறது என்பதால் இதை வழு என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை.

எப்போது கேட்டாலும் "இப்போதுதான்"

இனி அந்த இரண்டாவது வழு. எனக்கு இந்த வெளியீட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி இது, பிடித்த என்பது பொருத்தமான சொல்லா தெரியவில்லை.

உபுண்டுவில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாகவே வரும். அதற்கென ஒரு கடிகாரம் உள்ளே ஓடுகிறது. காலை 6 மணி, மாலை 6 மணி என்று நாளுக்கு இரண்டு முறை. உலகம் முழுக்க எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் சர்வரில் மோதாமல் இருக்க, 12 மணி நேரம் வரை தற்செயலான தாமதமும் சேரும். கடிகாரம் அடித்ததும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுந்து வேலையைத் தொடங்கும்.

ஒவ்வொரு முறை எழும்போதும் உடனே பதிவிறக்கத் தொடங்கினால் வீண் வேலை. அதனால் ஸ்கிரிப்ட் முதலில் ஒன்றைப் பார்க்கும், கடைசியாக இந்த வேலையை எப்போது செய்தோம்? இதற்காக ஒரு வெற்றுக் கோப்பை வைத்திருக்கிறது. வேலை முடிந்ததும் அந்தக் கோப்பைத் தொட்டு அதன் மாற்ற நேரத்தைப் புதுப்பிக்கும், ரப்பர் முத்திரை குத்துவது போல. அடுத்த முறை அந்த முத்திரையின் தேதியையும் இன்றைய தேதியையும் கழித்துப் பார்க்கும். ஒரு நாள் கடந்திருந்தால் வேலையைத் தொடங்கும், இல்லாவிட்டால் திரும்பப் படுத்துக்கொள்ளும்.

முத்திரையின் தேதியை எப்படிப் படிக்கிறது? டேட் என்ற கட்டளையை வைத்து. சும்மா டேட் என்று தட்டினால் இந்த நேரத்தைச் சொல்லும். ஆர் (-r) என்ற தேர்வோடு (ஆப்ஷன்) ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால், அந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று சொல்லும். க்னூ டேட் அப்படித்தான் செய்யும்.

25.10இல் வந்த ரஸ்ட் டேட் அந்த ஆர் தேர்வை வாங்கிக்கொண்டது. கோப்பின் பெயரையும் வாங்கிக்கொண்டது. பிறகு இரண்டையும் மறந்துவிட்டு இந்த நேரத்தைச் சொன்னது. நிரல் எழுதி முடிக்கப்படாத ஒரு தேர்வு, "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்குப் பதில் தலையாட்டிவிட்டது.

விளைவை நீங்களே கணக்குப் போடலாம். முத்திரையின் தேதி எது? இன்று. இன்றைய தேதி? இன்று. வித்தியாசம் பூஜ்ஜியம். ஆகவே வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, தூங்கலாம். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். மருந்து எப்போது சாப்பிட்டாய் என்று எந்த நேரத்தில் கேட்டாலும் இப்போதுதான் என்று சொல்கிற நோயாளி மாதிரி.

இதில் ஒரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. முத்திரைக் கோப்பே இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் கணக்குப் போடாமல் நேராக வேலையில் இறங்கும். அதாவது புதிதாக நிறுவிய கணினியில் முதல் ஓட்டம் ஒழுங்காக நடக்க வழி இருந்தது. அந்த ஓட்டம் முத்திரை குத்திவிட்டுப் போகும். அதற்கப்புறம்தான் நிரந்தரத் தூக்கம். பழைய வெளியீட்டிலிருந்து மேம்படுத்தி வந்த கணினியிலோ முத்திரை ஏற்கெனவே இருக்கும், அந்த முதல் ஓட்டம்கூடக் கிடையாது.

ஒரு பிழைச் செய்தி கிடையாது. சிவப்பு எழுத்து கிடையாது. கடிகாரம் சரியாக அடித்தது, ஸ்கிரிப்ட் சரியாக எழுந்தது, வெற்றிகரமாக முடிந்தது என்று பதிவும் ஆனது. மேசைக் கணினி, சர்வர், கிளவுட் படிமம், கண்டெய்னர் என எல்லா இடத்திலும் பாதிப்பு உண்டு என்று அக்டோபர் பிற்பகுதியில் வந்த அறிவிப்பு சொன்னது. உபுண்டுவின் மென்பொருள் பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் கட்டளையைக் கையால் தட்டிப் புதுப்பிப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ஏன் கண்ணில் படவில்லை

ஒரு வெளியீட்டைச் சோதனைக் கட்டத்திலேயே நிறுவிப் பார்ப்பவர் யார்? காலையில் எழுந்ததும் டெர்மினலைத் திறந்து புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்க்கிறவர். மாலையிலும் தட்டுவார். தானியங்கி ஓட்டம் வேலை செய்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை, ஏனென்றால் அதற்கு வேலை மிச்சம் வைக்க மாட்டார். நான் முன்பு சொன்ன அந்தத் துணிந்த கூட்டம் இதுதான். தானியங்கியை நம்பி வாழ்கிறவர்கள் இடைக்கால வெளியீட்டுக்கு அதிகம் வருவதில்லை. வந்திருந்தாலும் அவர்கள் கவனித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அப்டேட் அறிவிப்பு வந்து தொல்லை செய்யவில்லையே என்று யார் புகார் எழுதுவார்கள்? இந்தப் பதிப்பு அமைதியாக இருக்கிறது என்று பாராட்டித்தான் எழுதியிருப்பார்கள்.

மறைக்க உதவிய இன்னொன்று ஸ்னாப். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக வருகிறது. ஸ்னாப்புக்குத் தனிக் கடிகாரம் உண்டு, நாளுக்கு நான்கு முறை தானே பார்த்துக்கொள்ளும், டேட் கட்டளையின் ஆர் தேர்வோடு அதற்குச் சம்பந்தமில்லை. உலாவி தன்பாட்டுக்குப் புதிதாகிக்கொண்டே இருந்தால் கணினி முழுவதும் புதிதாகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாதிப்பைக் குறைத்ததும் இதுதான், நியாயமாகச் சொல்ல வேண்டும். தாக்குதலுக்கு மிகவும் ஆளாகிற செயலி உலாவி. அது பாதுகாப்பாக இருந்தது.

தானியங்கிச் சோதனைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி வரும். யூயூடில்ஸ் திட்டம் க்னூவிலிருந்து நடத்தையில் எந்த விலகல் இருந்தாலும் அதை வழுவாகவே கருதுகிறது. க்னூவின் சோதனைத் தொகுப்பையும் தன்மேல் ஓட்டிப் பார்க்கிறது. நல்ல பழக்கம். ஆனால் சோதனைத் தொகுப்பு என்பது பழைய கருவியில் என்றைக்கோ யாரோ தடுக்கி விழுந்த இடங்களின் வரைபடம். யாரும் விழாத இடம் அதில் இருக்காது. இந்தத் தேர்வுக்கே ஒரு சோதனை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பை உருவாக்கி உடனே அதன் நேரத்தைக் கேட்டால், இந்த நேரத்தைச் சொல்கிற பிழையான டேட்டும் தேர்ச்சி பெற்றுவிடும். பழைய தேதி போட்ட கோப்பைக் கொடுத்துக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

ரஸ்ட் கருவிகளில் இதற்கு முன் வந்த சிக்கலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பரிலேயே, தானே விரிந்துகொள்ளும் சில நிறுவல் கோப்புகள் இந்தச் சோதனைப் பதிப்பில் ஓட மறுத்தன. சரிபார்ப்புக் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று அவை நின்றுவிட, தேடிப் போனபோது தரவை நகலெடுக்கும் ஒரு ரஸ்ட் கட்டளையில் தவறு இருந்தது. அது உரக்கக் கத்திய வழு, வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டது. ஒரே தொகுப்பு, ஒரே ஆட்கள், ஒரே அவசரம். ஒன்று பிடிபட, மற்றது கடந்துவந்துவிட்டது.

என் கருத்தில் தவறு ரஸ்டின் மேல் இல்லை. நினைவகப் பாதுகாப்பு இந்த வகைப் பிழையைத் தொடவே தொடாது. எந்த மொழியில் எழுதினாலும் தேர்வை வாங்கிக்கொண்டு புறக்கணிக்கலாம். குறை சொல்வதென்றால் இரண்டைச் சொல்வேன். எழுதி முடிக்காத தேர்வைக் கண்டால் பிழை காட்டி வெளியேற வேண்டும் என்ற ஒழுங்கு இல்லாதது ஒன்று. அப்படிக் காட்டியிருந்தால் பதிவேட்டைப் புரட்டுகிற யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். புதுப்பிப்பு முறை உண்மையிலேயே புதுப்பிக்கிறதா என்று ஒரு கணினியை நான்கு நாள் சும்மா போட்டுப் பார்க்காதது மற்றொன்று. இரண்டாவது எனக்கு இன்னும் புரியவில்லை. கணினியின் மற்ற எல்லாத் தவறையும் சரிசெய்யும் வழி அதுதானே.

உபுண்டு இதைவிட மோசமாகவும் விழுந்ததுண்டு. 17.10 வெளியான இரண்டு மாதத்தில் அதன் பதிவிறக்கத்தையே திரும்பப் பெற்றார்கள். கெர்னலில் இயங்கிய ஒரு டிரைவர், சில மடிக்கணினி மாதிரிகளில், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாதபடி ஆக்கியிருந்தது. 2018 ஜனவரியில் திருத்திய நிறுவல் படிமம் வந்தது. அங்கே வன்பொருளே அடிவாங்கியதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

திருத்தம் போய்ச் சேராத வீடு

ரஸ்ட் கோர்யூடில்ஸின் 0.2.2 பொதியில் உபுண்டு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்த்து வெளியிட்டது. வேலை சின்னதுதான். போய்ச் சேர்வதுதான் சிக்கல். திருத்தம் புதுப்பிப்பாக வருகிறது, பாதிக்கப்பட்ட கணினியோ புதுப்பிப்பைத் தேடுவதையே நிறுத்திவிட்டது. ஆகவே அறிவிப்பைப் படித்து, டெர்மினலைத் திறந்து, ஒரு முறை கையால் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அறிவிப்பைப் படிக்கிற பழக்கம் இருப்பவர்களோ பெரும்பாலும் ஏற்கெனவே கையால் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்கள்.

நவம்பரில் சுடோ-ஆர்எஸ்ஸிலும் இரண்டு பாதுகாப்புக் குறைகள் வெளியே சொல்லப்பட்டன. ஒன்று கேட்கவே விசித்திரமானது. கடவுச்சொல்லைப் பாதி தட்டிவிட்டு எண்டரை அழுத்தாமல் எழுந்து போய்விட்டால், காத்திருப்பு நேரம் முடிந்ததும் தட்டிய எழுத்துகள் அப்படியே திரையில் தெரிந்துவிடும். கடுமையான ஓட்டை என்று சொல்ல முடியாது, உடனே திருத்தமும் வந்தது. ஆனால் அந்தத் திருத்தமும் அதே தானியங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அக்டோபரில் கையால் ஒருமுறை புதுப்பிக்காத கணினிக்கு நவம்பர் திருத்தமும் தெரியாது.

பழைய கருவிகள் வேண்டும் என்பவருக்கு வழி அடைக்கப்படவில்லை. க்னூ கோர்யூடில்ஸ் உபுண்டுவின் களஞ்சியத்தில் இருக்கிறது, பொதி ஒன்றை மாற்றிக்கொண்டால் பழைய டேட்டே திரும்ப வரும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம், திருத்திய ரஸ்ட் டேட் அந்த வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

25.10 ஓடும் கணினி ஒன்று எங்காவது மூலையில் இருந்தால், உள்ளே என்ன பதிப்பு என்று தேட வேண்டாம். டெர்மினலைத் திறந்து, டேட் கட்டளைக்கு ஆர் தேர்வைக் கொடுத்து, எப்போதோ எடுத்த பழைய புகைப்படக் கோப்பு ஒன்றின் பெயரைத் தட்டுங்கள். பழைய தேதி வந்தால் சரி. இந்த நிமிடத்தின் நேரம் வந்தால், அந்தக் கணினி, முதல் ஓட்டம் ஒன்று நடந்திருந்தால் அதற்குப் பிறகு, ஆப்ட் புதுப்பிப்பு எதையும் தானாகத் தேடவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஆப்ட் புதுப்பிப்பைக் கையால் ஓட்டிவிடுங்கள்.